பழங்கால எலும்பில் உள்ள வெட்டுத்தடத்தை வாசிப்பது எப்படி

கென்யாவின் வடக்கே துர்கானா ஏரிப் பகுதியில் 1970-இல் மேரி லீக்கி கண்டெடுத்த ஒரு கால் எலும்பு, நைரோபியில் உள்ள கென்யாவின் தேசிய அருங்காட்சியகத்தில் கே.என்.எம்.-ஈ.ஆர். 741 என்ற எண்ணுடன் பல பத்தாண்டுகள் பாதுகாக்கப்பட்டு வந்தது. அது 14 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, நம் மனிதக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருடைய முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு. வேட்டை விலங்குகளின் பல்தடங்களைத் தேடி அதைக் கையில் எடுத்த பிரியானா போபினர் என்ற ஆய்வாளர், கல்லால் அரிந்த கீறல்கள் போன்ற தடங்களை அதில் கண்டார். அந்த எலும்பையே வழித்துணையாகக் கொண்டு, இத்தகைய தடங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கண்ணைப் பழக்க வேண்டும். கறிக்கடையில் ஆட்டின் பின்னங்கால்கள் சிலவற்றை, எலும்பைத் துண்டாக்காமல் முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் காப்பு அணிந்து வெங்கச்சாங்கல் ஒன்றை உடைத்தால் கூரிய விளிம்புள்ள செதில்கள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு முதல் காலின் மூட்டைப் பிரித்து, எலும்போடு ஒட்டிய தசையை அரிந்தெடுங்கள். இரண்டாவது காலை இரும்புக் கத்தியால் அரியுங்கள். மூன்றாவது எலும்பை நாய் கடித்துத் தின்ற பிறகு எடுத்துவையுங்கள். நான்காவதைக் கறி நீக்கிப் பருமணலில் போட்டுச் செருப்புக் காலால் பலமுறை மிதியுங்கள். எல்லாவற்றையும் தண்ணீரில் மெதுவாக வேகவைத்து, தேய்க்காமல் சுத்தம் செய்து காய வைத்தால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தொகுப்பு ஒன்று உங்களிடம் இருக்கும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே தொல்லெலும்பைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு எல்லாக் கீறலும் வெட்டாகவே தோன்றும்.

பார்க்கும் முறையில் ஒளிதான் முதன்மையானது. நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் ஆழமற்ற கீறல்கள் மறைந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில், எலும்பின் மேற்பரப்பை உரசிச் செல்லும்படி தாழ்வாக வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையைக் கண்ணருகே பிடித்து, எலும்பைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். கற்செதிலின் தடம் குறுக்குவெட்டில் ஆங்கில எழுத்தான 'வி'யைப் போன்று கூர்மையாக இறங்கும். செதிலின் விளிம்பு கரடுமுரடானது என்பதால் பள்ளத்தின் உள்ளே நீளவாக்கில் மெல்லிய இணைகோடுகள் ஓடும். இரும்புக் கத்தியின் தடம் குறுகலாகவும் சுத்தமாகவும் இருக்கும். நாயின் பல்லோ வட்டமான அடியுள்ள அகன்ற பள்ளத்தையும், ஆங்காங்கே குழிகளையும் விட்டுச்செல்லும். நல்லி எலும்பை மஜ்ஜைக்காகக் கல்லால் உடைத்திருந்தால், அடிபட்ட குழியைச் சுற்றி நுண்ணிய கீறல்கள் திட்டாகக் காணப்படும்.

ஏமாற்றும் தடங்கள்தான் இத்துறையின் பெரிய சிக்கல். செடிவேர்கள் அரித்த கோடுகள் வளைந்து கிளைவிடும். அகழ்வோரின் கருவி பட்ட கீறல் சுற்றியுள்ள பரப்பைவிட வெளிறித் தெரியும். இவை இரண்டையும் விரைவில் பழகிக்கொள்ளலாம். மிதிபட்ட எலும்பில் மணற்பருக்கள் கிழித்த கோடுகள் அவ்வளவு எளிதல்ல, அவையும் கூராக இருக்கும். எத்தியோப்பியாவின் டிகிகாவில் கிடைத்த, ஏறத்தாழ 34 லட்சம் ஆண்டுப் பழமையான இரண்டு எலும்புகளில் கற்கருவித் தடங்கள் உள்ளதாக 2010-இல் அறிவிக்கப்பட்டபோது, அவை விலங்குகள் மிதித்ததால் வந்தவை என்று சிலரும், முதலையின் பற்களாலும் அப்படிப்பட்ட தடங்கள் உண்டாகும் என்று வேறு சிலரும் மறுத்தனர். மிதிதடங்கள் பெரும்பாலும் ஆழமின்றிப் பல திசைகளில் சிதறிக் கிடக்கும் என்பதை உங்கள் நான்காவது எலும்பிலேயே காணலாம். ஆனால் ஒரே ஒரு கீறலை வைத்துக்கொண்டு எவரும் உறுதியாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதே என் கருத்து.

போபினர் செய்ததும் ஒப்பீடுதான். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அச்சுப் பொருளால் தடங்களைப் படியெடுத்து, அவை எதிலிருந்து எடுத்தவை என்று விவரம் சொல்லாமல் தம் சக ஆய்வாளர் மைக்கேல் பான்டேவுக்கு அனுப்பினார். அவர் அவற்றின் முப்பரிமாண வடிவத்தை, எப்படி உண்டாயின என்று முன்பே அறியப்பட்ட 898 தடங்களுடன் ஒப்பிட்டார். பதினொன்றில் ஒன்பது கற்கருவியின் தடங்கள், இரண்டு பெரும்பூனையின் பல்தடங்கள், அவற்றுக்கு மிக நெருங்கியது சிங்கம் என்பது 2023-இல் வெளிவந்த முடிவு.

தடம் உண்மையானது என்று தெரிந்த பிறகே அது எலும்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்விக்குப் போக வேண்டும்; மனிதரின் செயல் அங்கேதான் வெளிப்படுகிறது. கறி இல்லாத காலடி எலும்புகளிலும் மண்டையோட்டிலும் உள்ள கீறல் தோலுரித்ததையும், மூட்டுகளைச் சுற்றியுள்ளது உடலைப் பிரித்ததையும், நீளெலும்பின் நடுத்தண்டில் உள்ளது தசையை அரிந்ததையும் காட்டும். சிங்கம் போன்றவை தொடையிலும் முன்னங்காலின் மேற்பகுதியிலும் உள்ள கறியையே முதலில் தின்றுவிடுவதால், அந்த எலும்புகளின் நடுத்தண்டில் வெட்டுத்தடங்கள் மிகுந்திருந்தால், மனிதர் வந்தபோது அங்கே கறி மிச்சமிருந்தது என்று கருதலாம். தான்சானியாவின் ஓல்டுவாயில் கிடைத்த, 18 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புகளைப் பற்றிய நெடிய வாதம் இந்தப் புள்ளியைச் சுற்றியே நடந்தது. 741 எலும்பில் வெட்டுகள் கெண்டைக்கால் தசை பற்றியிருந்த இடத்தில், ஒரே திசையில் அமைந்துள்ளன. தசையை எடுக்கவே அரிந்திருக்கிறார்கள்.

தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் எது முந்தியது என்று சொல்ல முடியும். 741-இல் பல்தடமும் வெட்டும் எங்கும் சந்திக்கவில்லை. ஆகவே சிங்கம் முந்தியதா, மனிதர் முந்தினரா என்பதை அந்த எலும்பு சொல்லாது. உடலுக்கு உரியவரும் அரிந்தவரும் ஒரே இனத்தவர் என்பதும் உறுதியில்லாததால், தன்னினம் உண்ணல் என்ற சொல்லை இங்கே அவசரப்பட்டுப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு வலுவான சான்று வேண்டுமானால், அதே இடத்து விலங்கு எலும்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பிரான்சின் மூலா-கெர்சி குகையில், ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நியாண்டர்தால் மனிதரின் எலும்புகளும் மானின் எலும்புகளும் ஒரே முறையில் அரியப்பட்டு, ஒரே முறையில் உடைக்கப்பட்டிருந்தன.

உணவுத் தேவையால் விளக்க முடியாத கீறலைக் கண்டால் அதைத் தனியே வரைந்து வையுங்கள். இங்கிலாந்தின் கஃப் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 14,700 ஆண்டுப் பழமையான ஒரு மனித முன்கை எலும்பில், தசை அரிந்த தடங்களோடு, வேண்டுமென்றே செதுக்கிய, மேலும் கீழுமாக மடங்கிச் செல்லும் கோடுகளும் உள்ளன. தசையை நீக்கிய பிறகு, மஜ்ஜைக்காக எலும்பை உடைப்பதற்கு முன், யாரோ ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு அவற்றைச் செதுக்கியிருக்கிறார்.