ஒரே கட்டைக்கு இரண்டு கையும் வந்தால்

பியானோ இசைத்தாளில் வலது கைக்கான மேல் வரிகளிலும் இடது கைக்கான கீழ் வரிகளிலும் ஒரே மிடில் சி (நடுவில் இருக்கும் 'சி' கட்டை) எழுதியிருந்தால், முதலில் கால அளவைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் ஒரு கை வாசித்தால் போதும். ஆனால் நீளமான ஸ்வரம் முடியும்வரை கட்டை அழுந்தியே இருக்க வேண்டும். வலது கைக்கு குவார்ட்டர் நோட், இடது கைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நீளமான ஹாஃப் நோட் என்றால் நான் இடது கைக்கே கொடுத்துவிடுவேன். வலது கை தாராளமாக அடுத்த ஸ்வரத்துக்கு நகரும். வாசிக்காமல் விடும் ஸ்வரத்தைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு. இடது கை நாலு எண்ணிக்கைக்குப் பிடித்திருக்கும். மூன்றாவதில் வலது கை அதே கட்டையை அடிக்க வேண்டும். பல மாதம் நான் இடது விரலை எடுக்காமலே வலது விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். சத்தமே வராது! கட்டை மேலே வந்தால்தான் சுத்தியல் மறுபடி தந்தியைத் தட்டும். 'மூன்று' சொல்வதற்குச் சற்று முன்பே இடது விரலைத் தூக்கிவிடுங்கள். மிச்ச எண்ணிக்கையைப் பெரும்பாலும் வலது விரலே பிடித்துக்கொள்ளலாம். இடையில் விழும் சின்ன வெட்டை, காலால் அழுத்தி ஒலியை நீட்டும் பெடல் மூடிவிடும்.

1741-இல் வெளியான, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸில் இது அடிக்கடி வரும். அது இரண்டு அடுக்குக் கட்டைகள் உள்ள ஹார்ப்சிகார்டு என்ற பழைய கட்டை வாத்தியத்துக்கு எழுதியது. அங்கே ஒவ்வொரு கைக்கும் தனிக் கட்டை உண்டு.