ஆங்கிலத்தில் சண்டை: ‘இங்’ யாருக்கு, ‘எட்’ யாருக்கு?

வாக்குவாதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லும்போது பலரைத் தடுமாற வைப்பது பார்ட்டிசிபிள்தான், அதாவது வினைச்சொல்லின் முடிவில் ‘இங்’ (-ing) அல்லது ‘எட்’ (-ed) சேர்ந்து பெயரடைபோல வரும் வடிவம். எரிச்சலைக் கிளப்புபவருக்கு ‘இங்’, எரிச்சலுக்கு ஆளானவருக்கு ‘எட்’. ‘ஹி இஸ் அனாயிங்’ என்றால் அவர் மற்றவர்களை எரிச்சலூட்டுகிறார். ‘ஹி இஸ் அனாய்ட்’ என்றால் அவரே எரிச்சலில் இருக்கிறார். சமாதானம் பேசும்போது இதை மாற்றிச் சொன்னால் குற்றச்சாட்டாகவே கேட்கும், கவனம். காரசாரமான வாக்குவாதம் ‘ஹீட்டட் ஆர்கியுமென்ட்’. அங்கே ‘ஹீட்டிங்’ வராது.

மரபுத்தொடர்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், ஒரு சண்டையின் போக்கிலேயே கோத்துப் பாருங்கள். நன்றாக மனதில் நிற்கும். ஒருவர்மேல் மனக்குறை இருந்து, அதைக் கேட்டுவிட வேண்டுமென்றால் ‘ஐ ஹேவ் எ போன் டு பிக் வித் யூ’. கருத்து ஒத்துப்போகவில்லையா? ‘வி டோன்ட் சீ ஐ டு ஐ’. இது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். மனம்விட்டுப் பேசி இறுக்கத்தைப் போக்குவது ‘கிளியர் தி ஏர்’. பகையை மறந்து ராசியாவது ‘பெரி தி ஹேச்சட்’. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் சமாதானத்தின் அடையாளமாகக் கோடரியைப் புதைத்த வழக்கத்திலிருந்து வந்தது. இருவரும் இறங்கிவரவில்லை, ஆனாலும் பேச்சைக் கண்ணியமாக முடிக்க வேண்டுமா? ‘லெட்ஸ் அக்ரீ டு டிஸக்ரீ’. அலுவலகக் கூட்டங்களில் மிகவும் கைகொடுப்பது இதுதான்.