வெளிவராத ஜாஸ்-ஃபங்க் கூட்டணிகளத் தேடுதது எப்படி: திருநெல்வேலில இருந்து ஒரு கிறுக்கன் சொல்லுதேன்

மொதல்லயே சொல்லிருதேன், லீக் ஆன பாட்ட எங்க டவுன்லோட் பண்ணலாம்னு கேட்டு வந்தவங்க இங்கனயே திரும்பிரலாம், அதுக்கான கைடு இல்ல இது. கூட்டணின்னா ரெண்டு பெரிய ஆளுக சேந்து பதிஞ்ச பாட்டு, வெளிவராததுன்னா அது கடைக்கு வராம நின்னு போனது. அதத் தேடுததுல பாட்டத் தேடுதது பாதிதான். எந்தத் தேதில, எந்த ஸ்டூடியோல, யாரு யாரு இருந்தாவ, யாரு இல்லன்னு தேடுதது மீதி பாதி. எனக்கு இந்த ரெண்டாவது பாதிதான் ருசி. அது கைக்கு வந்துட்டா பாட்டு வரலன்னாலும் பெரிய நட்டம் ஒண்ணும் இல்ல.

வண்ணார்பேட்டைல டீ குடிச்சிட்டு இருக்கும்போது நம்ம தம்பி ஒருத்தன் கேட்டான், "அண்ணே, மைல்ஸ் டேவிஸும் பிரின்ஸும் சேந்து முழு ஆல்பமே போட்டு பூட்டி வச்சிருக்காவளாம்லா, உண்மையா?" மைல்ஸ் ஜாஸ்ல ட்ரம்பெட் வாசிச்சவரு, பிரின்ஸ் ஃபங்க்னு சொல்லுத ஆட்டத்தாள இசைல பாடுனவரு. இந்தக் கேள்விய வச்சே ஆரம்பிப்போம், ஏன்னா இந்த ஃபீல்டுல சுத்துத கதைல முக்கால்வாசி இதே மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் உண்மை, நெறைய ஆசை.

நடந்தது என்னன்னா, மைல்ஸ் 1985ல கொலம்பியா கம்பெனிய விட்டுட்டு வார்னருக்கு வந்தாரு, பிரின்ஸ் ஏற்கனவே அங்கதான் இருந்தாரு. 1985 கடைசில பிரின்ஸ் 'கேன் ஐ ப்ளே வித் யூ'ன்னு ஒரு பாட்டப் பதிஞ்சு டேப்ப மைல்ஸுக்கு அனுப்பி விட்டாரு, மைல்ஸ் அது மேல ட்ரம்பெட் வாசிச்சாரு. 1986ல வந்த 'டுட்டு' ஆல்பத்துல சேர வேண்டிய பாட்டு அது. ஆனா ஆல்பத்துல மத்த பாட்டு முக்கால்வாசி மார்கஸ் மில்லர் கைவண்ணத்துல வேற ரகமா வந்ததால இது ஒட்டாதுன்னு பிரின்ஸே வாபஸ் வாங்கிட்டாரு. அப்புறம் வருசக்கணக்கா திருட்டு டேப்பாவே சுத்திட்டு, 2020ல பிரின்ஸோட 'சைன் ஓ த டைம்ஸ்' ஆல்பத்துக்குப் பெரிய பெட்டி (பாக்ஸ் செட்) வந்துச்சுல்லா, 8 சிடியும் ஒரு டிவிடியுமா, அதுலதான் முறைப்படி வெளிய வந்துச்சு. இப்ப கவனிங்க, 'சேந்து போட்ட பாட்டு'ன்னு சொல்லுதோம், ஆனா அந்தப் பாட்டுக்காக ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து வாசிக்கல, டேப்தான் போய் வந்துச்சு. ஒரே மேடைல நின்னதக் கேக்கணும்னா 1987 டிசம்பர் 31 ராத்திரி பிரின்ஸோட ஸ்டூடியோ பேஸ்லி பார்க்ல நடந்த கச்சேரி இருக்கு, வீடில்லாதவங்களுக்கு நிதி திரட்ட நடத்துனது, கடைசில மைல்ஸ் ஏறி வந்து கொஞ்ச நேரம் வாசிச்சிட்டுப் போவாரு. அதே பெட்டில டிவிடியா இருக்கதும் இந்தக் கச்சேரிதான். முழு ஆல்பம்னு தம்பி கேட்டதுக்கு பதில் இதுதான்.

அதனால எந்தக் கதை காதுல விழுந்தாலும் மொதல்ல அது எந்த ரகம்னு பிரிச்சு வச்சுக்கிடுங்க. சிலது வெளிய வந்திருக்கும், ஆனா வேற ஆளு பேர்ல வந்திருக்கும். 1988ல வந்த பாடகி சாக்கா கான் ஆல்பத்துல 'ஸ்டிக்கி விக்கிட்'னு (Sticky Wicked) ஒரு பாட்டு இருக்கு, எழுதுனது பிரின்ஸ், ட்ரம்பெட் மைல்ஸ். அத எத்தன பேரு கேட்டிருக்காவ? காணாமப் போன மைல்ஸ்-பிரின்ஸ் பாட்டுன்னு ஊரெல்லாம் தேடுதவங்க கடைல வித்த இந்த ஆல்பத்தப் பொரட்டிப் பாத்திருக்க மாட்டாவ. அதே வருசம் கேமியோன்னு ஃபங்க் பேண்டு போட்ட ஆல்பத்துலயும் மைல்ஸ் ஒரு பாட்டுக்கு வாசிச்சிருக்காரு.

சிலது நடக்கவே நடந்திருக்காது. 1969 அக்டோபர்ல லண்டனுக்கு ஒரு தந்தி போச்சு, மைல்ஸ், கிடாருக்கு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ட்ரம்ஸுக்கு டோனி வில்லியம்ஸ், நீங்க வந்து பேஸ் கிடார் வாசிங்கன்னு பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னிக்கு. தந்தி நெசம், ரெக்கார்டிங் நடக்கல, அடுத்த வருசம் செப்டம்பர்ல ஹெண்ட்ரிக்ஸ் இறந்துட்டாரு. இது ராக் பக்கத்துக் கதைன்னாலும் சொல்லுதேன், ஏன்னா இந்த செஷனோட டேப்புன்னு எவனாவது நீட்டுனா அங்கனயே எந்திரிச்சு வந்துருங்க.

இன்னொரு ரகம் இருக்கு, அதுதான் கொஞ்சம் ஏமாத்தும். பாதில நின்னு போய், பின்னால வேற கை பட்டு முடிஞ்சது. மைல்ஸ் வார்னருக்கு வந்ததும் மொதல்ல ஆரம்பிச்சது 'ரப்பர்பேண்ட்'னு ஒரு ஆல்பம், 1985 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல, ராண்டி ஹாலும் ஜேன் ஜைல்ஸும் தயாரிப்பு, நல்ல கனமான ஃபங்க். பாடுததுக்கு அல் ஜாரோ, சாக்கா கான்னு நெனச்சிருந்தாவ. அத அப்படியே ஓரமா வச்சிட்டு 'டுட்டு'வுக்குப் போயிட்டாவ. 2019ல வெளிய வந்தப்ப பாடியிருக்கது லெடிசியும் லாலா ஹாத்தவேயும், மேல பூசுன வேலையெல்லாம் அந்த ரெண்டு தயாரிப்பாளரும் மைல்ஸோட மருமகன் வின்ஸ் வில்பர்னும் சேந்து செஞ்சது. கேக்க நல்லாத்தான் இருக்கு, நான் கொற சொல்லல, ஆனா அது 1985 இல்ல. அதக் கேக்கும்போது ட்ரம்பெட்ட மட்டும் தனியாப் பிடிச்சுக் கேளுங்க, அது பழசு. சுத்தி இருக்கதுல எது எந்தக் காலம்னு சந்தேகப்பட்டுக்கிட்டே கேளுங்க, அதுவே ஒரு சுகம். இந்த செஷன்ல மிச்சம் கெடந்த ட்ரம்பெட்ட வச்சுத்தான் 1992ல 'டூ-பாப்'ல ரெண்டு பாட்டு கட்டுனாவ, அதாவது ரப்பர்பேண்டோட துண்டு 27 வருசம் முந்தியே கடைக்கு வந்தாச்சு, நாமதான் கவனிக்கல.

பிரின்ஸ் பக்கம் ஜாஸ் ஆசைக்கு மேட்ஹவுஸ்னு ஒரு பேரு வச்சிருந்தாரு. 1987ல '8', '16'ன்னு ரெண்டு ஆல்பம், கவர்ல யாரு வாசிச்சதுன்னு நேராச் சொல்லல. '8' முழுக்க சாக்ஸும் புல்லாங்குழலும் எரிக் லீட்ஸ், மத்ததெல்லாம் பிரின்ஸே வாசிச்சது. மூணாவது '24', இது இன்னும் வரல. 1988ல ஒருவாட்டி பதிஞ்சு, அதுல கொஞ்சம் எரிக் லீட்ஸோட சொந்த ஆல்பத்துக்குப் போயி, அப்புறம் 1990கள்ல அதே பேர்ல வேற செட்டோட வேற பாட்டுகளப் பதிஞ்சு அதையும் வச்சுட்டாவ. யாராவது '24' இருக்குன்னு சொன்னா எந்த '24'ன்னு கேளுங்க. முழிச்சா அவனுக்குத் தெரியலன்னு அர்த்தம்.

சரி, இனி வேலைக்கு வருவோம். ஒரு நோட்டு எடுத்துக்கிடுங்க, எக்ஸெல் தெரிஞ்சா எக்ஸெல். தேதி, ஊரு, ஸ்டூடியோ, யாரு என்ன வாசிச்சாவ, எதுல வெளிவந்துச்சு, வெளிவரலன்னா யாரு சொல்லி நமக்குத் தெரியும், இவ்வளவுதான் கட்டம். அந்தக் கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம். கூட வாசிச்சவரு பேட்டில சொன்னாரா, கம்பெனி போட்ட பெட்டியோட புக்லெட்ல இருக்கா, இல்ல எவனோ சொன்னானா. எவனோ சொன்னதுன்னா பென்சில்ல எழுதுங்க. மைல்ஸ் பத்தியும் பிரின்ஸ் பத்தியும் செஷன் வாரியா பட்டியல் போட்டு வச்சிருக்க ரசிகர்கள் இருக்காவ, அந்த மாதிரி தேதியோட இருக்கதுல இருந்து ஆரம்பிங்க.

காதப் பழக்குததுக்கு நான் எல்லாருக்கும் சொல்லுதது 'ஜாக் ஜான்சன்'தான். 1971ல வந்த மைல்ஸ் ஆல்பம், பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டே பாட்டு. பேஸ் மைக்கேல் ஹெண்டர்சன், ஸ்டீவி வொண்டர்கிட்ட வாசிச்சிட்டு வந்த பையன், ஜாஸ் படிச்சவன் இல்ல, அதுக்காகவே மைல்ஸ் கூட்டிட்டு வந்தாரு. ரெண்டாவது பாட்டு 'யெஸ்டர்நவ்' ஆரம்பத்துல பேஸ் மெதுவா, நிறுத்தி நிறுத்தி ஒண்ண வாசிக்கும். அதக் கேட்டுட்டு ஜேம்ஸ் பிரவுனோட 1968 'சே இட் லவுட்' போடுங்க, திரும்ப இதுக்கு வாங்க. அதே லைன். வேகத்தக் கொறச்சு, நடுவுல காத்து விட்டு வச்சிருக்காவ. கணியான் கூத்துல மகுடம்னு ரெண்டு மேளம், மந்தம், உச்சம்னு. அதுல மந்தம் அடில நடையப் பிடிச்சுக்கிட, உச்சம் மேல ஏறி எறங்கும்லா, அந்த மாதிரி ஹெண்டர்சன் நகராம நிக்காரு, மைல்ஸ் மேல சுத்துதாரு. கோயில் கொடைல ராத்திரி முழுக்க மகுடம் கேட்டு வளந்த காதுக்கு இது புதுசே இல்ல, நம்மாளுங்க ஜாஸ்னா பயப்படுதது ஏன்னு எனக்கு வெளங்கல.

'யெஸ்டர்நவ்'லயே பாதிக்கு மேல போனதும் சத்தமே வேற ரூமுக்கு மாறும். மாறத்தான் செய்யும், ஏன்னா அது பிப்ரவரில வேற செட்டு வாசிச்சது, தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்ப வெட்டி ஒட்டிட்டாரு. அதுல கிடார் வாசிச்ச சானி ஷாராக் பேரு பழைய கவர்ல கெடையாது. மொதப் பாட்டுல ஆர்கன் வாசிக்கது ஹெர்பி ஹான்காக், வேற வேலையா அந்தப் பக்கம் வந்தவர மைல்ஸ் பிடிச்சு உக்கார வச்சிட்டாரு. இதெல்லாம் 2003ல 5 சிடி பெட்டி வந்தப்ப வெட்டாத டேப்போட கேக்கக் கெடச்சுது. மொதல்ல ஆல்பம், அப்புறம் பெட்டி, இந்த வரிசைல கேட்டா வெளிவராததுக்கும் வெளிவந்ததுக்கும் நடுவுல கத்திரி எங்க விழுந்துச்சுன்னு காதே சொல்லிரும். அது பிடிச்சுப் போச்சுன்னா 2007ல வந்த 'ஆன் த கார்னர்' 6 சிடி பெட்டிக்குப் போங்க, அது இன்னும் முரட்டு ஃபங்க்.

இதெல்லாம் போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, தயவுசெஞ்சு. பேஸ் கிடாரோட அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது, கொடைக்குக் கட்டுத குழாயும் போகாது. சுமாரான இயர்போன் போதும், வயர் வச்சது.

கடைசியா, எவனாவது ஒரு ஃபைலத் தந்து இது அபூர்வம்னு சொன்னா என்ன பாக்கணும். ஸ்பெக்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, காசு கெடையாது, ஃபைல அதுல போட்டா சத்தத்தப் படமாக் காட்டும். நல்ல சிடில இருந்து எடுத்ததுன்னா 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் நெறம் இருக்கும். 16ல கோடு போட்டு வெட்டுன மாதிரி நின்னா அது மட்டமான எம்பி3, பேர மட்டும் ஃப்ளாக்னு, அதாவது சத்தம் கொறையாத ஃபைல்னு, மாத்தி வச்சிருக்கான். ஆனா பழைய கேசட்டுலயும் மேல் சத்தம் இருக்காது, அதுல கோடு மாதிரி வெட்டாது, மெல்ல மங்கிட்டுப் போகும், ரெண்டையும் கொழப்பிக்கிடாதீங்க. அந்தக் காலத்துல ஜங்ஷன் பக்கம் ரெக்கார்டிங் கடைல லிஸ்ட் குடுத்து டிடிகே 90 கேசட்டுல பதிஞ்சு வாங்குனவங்களுக்குத் தெரியும், பதிஞ்ச கேசட்டுல இருந்து இன்னொண்ணு, அதுல இருந்து இன்னொண்ணுன்னு போகப்போக இரைச்சல் ஏறும், ட்ரம்பெட் மூக்கடச்ச மாதிரி ஆகும். ஓடுத வேகமும் மாறிரும், 6 சதவீதம் கூடுனா அர ஸ்வரம் ஏறிரும். பாட்டு எங்கயோ இழுக்குன்னு தோணுனா ஆடாசிட்டின்னு ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு வேகத்த மாத்தி, அதே பாட்டோட கச்சேரி ரெக்கார்டிங் ஏதாவது வெளிவந்திருந்தா அதோட ஒப்பிட்டுப் பாருங்க.

இப்ப ஏஐ வந்தப்புறம் ட்ரம்பெட் சத்தத்த எவனும் செஞ்சிருவான், அதனால ஃபைலோட வரலாறு இல்லாம எதையும் நம்பாதீங்க. எந்த டேப்ல இருந்து, எத்தனையாவது காப்பி, எதுல மாத்துனான், இந்த மூணும் சொல்லாதவன்ட்ட காசு குடுக்காதீங்க. குடுக்கவே குடுக்காதீங்க, லீக்குக்குக் காசு கேக்கவன் பாதிக்கு மேல ஏமாத்துக்காரன், மிச்சம் திருடன். அந்தக் காசுக்கு ரப்பர்பேண்ட் சிடி வாங்கலாம், இல்ல காசில்லாம ஸ்ட்ரீமிங்ல 'கேன் ஐ ப்ளே வித் யூ' போட்டு, ட்ரம்பெட்டும் எரிக் லீட்ஸோட சாக்ஸும் எங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுன்னு பாருங்க. கேட்டுட்டு நோட்டுல எழுதிக்கிடுங்க, பேனாவுலயே எழுதலாம்.