கோடையில் ஒரு மூலையை வெட்டாமல் விடுங்கள்

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் போதும், தோட்டத்தில் களைகள் கிளம்பிவிடும். உடனே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். 10 அடிக்கு 10 அடி இடத்தை அப்படியே விட்டுப் பாருங்கள். வெட்டுக்காயப் பூண்டு (சின்ன வயதில் 'தாத்தா தலை' என்று சுண்டி விளையாடினோமே, அதேதான்) பூத்தால், தேனுக்குச் சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் வரும்.

வேலியோரம் எருக்கு இருந்தால் விட்டுவையுங்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழுக்கள் இலையைக் காலி செய்யும், மருந்தடிக்க வேண்டாம். எருக்கின் நஞ்சு அவற்றின் உடம்பில் சேர்வதால் பறவைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. எருக்கம்பால் மட்டும் கண்ணில் படக்கூடாது.

அப்புறம், ஒரு பழைய தட்டில் மண் போட்டு ஈரமாகவே வைத்திருங்கள். ஆண் வண்ணத்துப்பூச்சிகள் உப்புச்சத்துக்காக ஈரமண்ணை உறிஞ்ச வரும். எனக்குப் பூக்களைவிட இந்தக் காட்சிதான் பிடிக்கும்.

பார்த்தீனியத்துக்கு மட்டும் இரக்கம் வேண்டாம். தோலில் அரிப்பு வரும், அதனால் கையுறை போட்டு, பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.