கண்ணிவெடி தாங்கும் வண்டி மாடல்: அடிவயிற்றிலிருந்து தொடங்குங்கள்

திருச்சி துவாக்குடியில் தகடு வெட்டிப் பற்றவைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மேசை விளக்கைப் போட்டு 1/35 அளவு, அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்கு உள்ள ராணுவ வண்டி மாடல்களைச் செய்வது பல வருடப் பழக்கம். டாங்கி, ஜீப், லாரி எல்லாம் செய்திருக்கிறேன். மனசுக்கு ரொம்ப நெருக்கமானவை கண்ணிவெடி தாங்கும் வண்டிகள்தான். காரணம், அவை முழுக்க முழுக்கத் தகடு வேலை. எந்தப் பிளேட்டை எந்தச் சாய்வில் எதோடு பற்றவைத்தார்கள் என்பதில்தான் உள்ளே இருப்பவரின் உயிரே இருக்கிறது.

இந்த வண்டி செய்பவர்களில் நிறைய பேர் மேல்பக்கம், துப்பாக்கிக் கூண்டு, ஆன்டெனா என்று உழைத்துவிட்டு, அடிப்பக்கத்தை அப்படியே ஒட்டிக் கறுப்பு அடித்து மூடிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். இந்த வண்டி பிறந்ததே அந்த அடிவயிற்றுக்காகத்தான்.

1970களில் ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவிலும் மண்சாலைகளில் புதைத்த கண்ணிவெடிகளுக்கு லாரிகள் பலியாகிக்கொண்டே இருந்தன. தட்டையான அடித்தகட்டில் வெடிப்பின் வேகம் நேராக மோதும். அதையே படகின் அடிபோல ஆங்கில வி வடிவில் சாய்த்துவிட்டால் வேகம் இரண்டு பக்கமும் வழுக்கி வெளியேறும். தரையிலிருந்து உடலை உயரத் தூக்கிவிட்டால் மோதும் வேகம் இன்னும் குறையும். சக்கரமும் அச்சும் பிய்த்துக்கொண்டு போனாலும் போகட்டும், கூடு உடையக்கூடாது என்பதுதான் கணக்கு. தென்னாப்பிரிக்கக் காஸ்பிர் இந்தக் கணக்கில் வந்த வண்டி. அந்நாட்டுக் காவல்துறையின் பெயர்ச்சுருக்கமான எஸ்.ஏ.பி.யையும், ஆராய்ச்சி மன்றத்தின் சி.எஸ்.ஐ.ஆரையும் எழுத்து மாற்றிக் கலந்து வைத்த பெயர் அது. நம் ராணுவமும் காஸ்பிரை வாங்கிக் காஷ்மீரில் ஓட்டியது. மேடக் ஆர்டினன்ஸ் தொழிற்சாலையில் செய்த ஆதித்யா அதன் வழியில் வந்ததுதான். ஈராக்கில் சாலையோரக் குண்டுகள் பெருகியபோது, 2007இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் இந்த வகை வண்டிகள் வாங்குவதுதான் முதல் வேலை என்று அறிவித்தார். அப்போது பெரிய அளவில் களம் இறங்கியவற்றில் ஒன்று ஃபோர்ஸ் புரொடெக்‌ஷன் நிறுவனத்தின் கூகர்.

முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது மெங் நிறுவனத்தின் 1/35 கூகர், நான்கு சக்கர வகை. நிஜ வண்டி கிட்டத்தட்ட 5.9 மீட்டர் நீளம், மாடல் 17 சென்டிமீட்டருக்குள் அடங்கும், சின்ன அலமாரியிலும் நிற்கும். ஆறு சக்கரக் கூகர், பிராங்கோ நிறுவனத்தின் பஃபலோ எல்லாம் அருமையானவை. ஆனால் ஒரு அச்சு கூடினால் எல்லாச் சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்க வைக்கும் வேலையும் கூடும். அதை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் பசையைத் தேடாதீர்கள். பாகங்கள் கோர்த்து வரும் பிளாஸ்டிக் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். வார்ப்பு அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் பெயின்ட் பிறகு உரிந்து வரும். காயும் நேரத்தில் நிஜ வண்டியின் படங்களைத் தேடிப் பாருங்கள். முன்னால் நின்று எடுத்த படங்கள் ஏராளம் கிடைக்கும், நமக்கு வேண்டியது அடிப்பக்கம். பட்டறையில் தூக்கி நிறுத்தியது, விமானத்தில் ஏற்றும்போது எடுத்தது, பள்ளத்தில் கவிழ்ந்து கிடப்பது, இவற்றில்தான் வயிறு தெரியும்.

அடித்தகடுகளைச் சட்டத்திலிருந்து நிப்பரால் இரண்டு தடவையாக வெட்டுங்கள். முதலில் பாகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அப்புறம் ஒட்டி. ஒரே வெட்டில் வெட்டினால் பிளாஸ்டிக் உள்பக்கமாகப் பிய்ந்து பள்ளம் விழும். மிச்சத்தை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள். பிளேடை வைத்துச் சீவினால் விளிம்பு வட்டமாகிவிடும். தகட்டு வண்டிக்கு விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும்.

ஒட்டுவதற்குப் பட்டறைப் பழக்கம் ஒன்று கைகொடுக்கும். எந்தத் தகட்டையும் நாங்கள் நேராக முழு நீளத்துக்கும் ஒரே ஓட்டமாக வெல்டு அடிக்க மாட்டோம். நான்கு இடத்தில் டேக், அதாவது சின்னப் புள்ளி வெல்டு வைப்போம், மட்டம் பார்ப்போம், சரியென்றால்தான் ஓட்டுவோம். இதற்கும் அப்படியே. இரண்டு தகடுகளையும் விரலால் சேர்த்துப் பிடித்து, டாமியா எக்ஸ்ட்ரா தின் பசையை இரண்டு முனையிலும் நடுவிலும் மட்டும் தூரிகை நுனியால் தொடுங்கள். பசை இடுக்குக்குள் தானே ஓடிப்போகும். உடனே கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து வைத்து, தகடுகள் சேரும் நடுமுகடு நேராக இருக்கிறதா என்று இரும்பு ஸ்கேலை அதன் மேல் நிறுத்தி விளக்குக்கு எதிரே பாருங்கள். ஸ்கேலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே வளைவு இருக்கிறது. பசை இறுகும் முன்னே அழுத்தித் திருத்தலாம். திருப்தியானதும் மீதி நீளத்துக்குப் பசை விட்டு, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். இந்த முகடு அரை மில்லி கோணினாலும் மேல்கூடு பொருந்தாது, அங்கே இழுத்து ஒட்டினால் கதவு பொருந்தாது.

இனி வெல்டு. நிஜத்தில் 10 மில்லிமீட்டர் அகல வெல்டு 1/35இல் 0.3 மில்லிகூட இல்லை. அதனால் கிட்டில் அச்சிலேயே வந்த வெல்டு கோடுகள் சில இடத்தில் தடிமனாகவும், நாம் தேய்த்த இடத்தில் அழிந்தும் இருக்கும். அழிந்த இடத்தை நிரப்ப ஹார்டுவேர் கடையில் விற்கும் எம்-சீல் போதும். இரண்டு நிறத்தையும் சம அளவில், மிளகு அளவுக்கு மட்டும் எடுத்துக் குழையுங்கள். கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி, அதன்மேல் குழைத்ததை வைத்து, இன்னொரு சின்னக் கண்ணாடித் துண்டால் மெதுவாக உருட்டினால் தையல் நூல் மாதிரி நீளும். விரலால் உருட்டினால் ஒரே தடிமன் வராது. அதைத் தகடு சேரும் கோட்டில் படுக்கவைத்து, ஈரத் தூரிகையால் அமுக்கி உட்காரவையுங்கள்.

வெல்டின் மேல் அலை போடுவதற்கு 26 கேஜ் இன்ஜெக்‌ஷன் ஊசி ஒன்றை எண்ணெய்க் கல்லில் பக்கவாட்டில் தேய்த்துப் பாதிக் குழாய் ஆக்கியிருக்கிறேன். நுனி பிறை மாதிரி இருக்கும். அதை ஒரே சாய்வில் பிடித்து, கோட்டின் ஒரு முனையில் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்று கால்வாசி ஏறும்படி குத்திக்கொண்டே போக வேண்டும். குத்து என்றால் அழுத்தம் இல்லை, தொடுவதுதான். பிறையின் வயிறு எல்லாம் ஒரே திசையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெல்டர் ஒரு திசையில்தான் கையை ஓட்டுவார். நடுவில் ஒரு இடத்தில் வெல்டிங் ராடு மாற்றிய மாதிரி லேசாக ஒரு மேடு விட்டால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெயின்ட் அடித்த பிறகு வெளிச்சம் சாய்வாக விழும்போது அந்தக் கோடு உயிரோடு தெரியும். மொத்தமாக 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு எனக்கு இரண்டு ராத்திரி ஆகும். அவசரப்பட வேண்டாம்.

அச்சுக்கு வருவோம். ஆரம்பக் கூகரில் லாரியில் இருப்பதுபோல ஸ்பிரிங் பட்டையும் முழு அச்சும்தான். ஆப்கானிஸ்தானின் கரடுமுரடான வழிகளுக்காகப் பின்னால் பல வண்டிகளில் ஆஷ்காஷ் நிறுவனத்தின் டாக்-4 தனித்தனிச் சஸ்பென்ஷனை மாற்றினார்கள். ஆகவே நீங்கள் செய்வது எந்த வருடத்து வண்டி என்று முடிவு செய்து, அந்தப் படத்தையே கடைசிவரை பாருங்கள். அச்சை ஒட்டும்போது சக்கரத்தைத் தற்காலிகமாக மாட்டிக் கண்ணாடியில் நிறுத்துங்கள். மெல்லிய காகிதத் துண்டை ஒவ்வொரு டயருக்கும் கீழே நுழைத்துப் பாருங்கள். எந்த டயருக்குக் கீழே தடையில்லாமல் நுழைகிறதோ அது அந்தரத்தில் நிற்கிறது. பசை இறுகும் முன் அந்தப் பக்கத்தை லேசாக அமுக்கிவிடலாம்.

டயரில் கொஞ்சம் எடை காட்ட வேண்டும். சுமை ஏற்றாமலே 14 டன்னுக்கு மேல் கனக்கும் வண்டி அது. கிட்டில் ரப்பர் மாதிரி வினைல் டயர் வந்தால், கீழ்ப்பக்கத்தை 120 நம்பர் உப்புத்தாளில் ஒரு மில்லிக்கும் குறைவாகத் தட்டையாக்கினால் போதும், அதிகமானால் பஞ்சர் ஆன மாதிரி இருக்கும். இன்னொன்று, வினைல் டயர் சில வருடங்களில் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சக்கரத்தின் விளிம்புக்கு நன்றாகப் பிரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காயவைத்த பிறகுதான் டயரை மாட்ட வேண்டும். டயருக்கு எனாமல் வேண்டாம், காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அக்ரிலிக் அடியுங்கள்.

உள்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகை வண்டிகளில் பின்னால் உட்காருபவர்களின் இருக்கையைப் பெரும்பாலும் தரையில் ஊன்றாமல் சுவரிலோ கூரையிலோ தொங்கவிடுவார்கள். அடியில் வரும் அதிர்ச்சி முதுகெலும்புக்கு நேராக ஏறக்கூடாது. அதனால் இருக்கையின் அடியில் பசை வைத்துத் தரையோடு ஒட்டிவிடாதீர்கள், இடைவெளி தெரியட்டும். பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்பை மெலிதாக வெட்டிச் சாயம் கொடுத்தால் போதும்.

கண்ணாடி என்னை ஒருமுறை அழவைத்த இடம். முதல் கூகரில் பக்கவாட்டு ஜன்னல்களைச் சூப்பர் குளூவில் ஒட்டி, மேல்கூட்டையும் மூடிவிட்டேன். காலையில் பார்த்தால் எல்லா ஜன்னலும் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி வெள்ளை. அந்தப் பசையிலிருந்து எழும் ஆவிதான் அப்படிப் படியும். மூடிய கூட்டுக்குள் விரல் போகாது, துடைக்க வழியில்லை. மூன்று மாத வேலை. அதிலிருந்து ஜன்னலுக்கு ஃபெவிகால்தான். விளிம்பில் பல்குத்தும் குச்சியால் மெலிதாகத் தடவி வையுங்கள், காய்ந்ததும் நிறமில்லாமல் போகும். குண்டு துளைக்காத கண்ணாடி பல அடுக்குள்ள தடித்த கண்ணாடி, லேசாகப் பச்சை அடிக்கும். டாமியா எக்ஸ்-22 கிளியரில் எக்ஸ்-25 பச்சை ஓரிரு சொட்டும், எக்ஸ்-23 நீலம் அதில் பாதியும் விட்டு, நீர்க்கக் கரைத்து உள்பக்கம் ஒரு பூச்சு போதும். கண்ணாடியின் பக்க விளிம்பில் மட்டும் அடர்த்தியான பச்சையைத் தொட்டு வைத்தால் தடிமன் தெரியும். ஒட்டும் முன் இரண்டு பக்கமும் டேப் போட்டு மறைக்க மறக்காதீர்கள்.

பெயின்ட் அடிக்க நல்ல நாள் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் பிரைமர் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து மேலே வெண்மை பூத்துவிடும். மாசி, பங்குனி வெயில்தான் சரி. முகமூடி கட்டாயம், மீன் கடைக்குப் போகும் துணி மாஸ்க் போதாது, ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி உள்ளது வேண்டும். பிரைமர் சாம்பல் நிறம். அதன்மேல் அமெரிக்க மணல் நிறம், அமெரிக்க அரசின் நிறப் பட்டியலில் எஃப்.எஸ். 33446 என்று எண் கொடுத்திருப்பார்கள். நான் டாமியா எக்ஸ்.எஃப்-59, எக்ஸ்.எஃப்-57 இரண்டையும் சமமாகக் கலந்து அடிக்கிறேன். வெயில் நேராக விழும் மேல்தளங்களுக்கு அதிலேயே கொஞ்சம் வெள்ளை. அடிவயிற்றுக்கும் அதே மணல் நிறம்தான், கறுப்பு இல்லை.

துரு விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. இந்த வண்டிகளின் ராணுவப் பூச்சு கெட்டியானது, ஈராக்கின் வறண்ட காற்றில் சில வருடங்களே ஓடியவை இவை. பழைய டாங்கி மாதிரி எங்கும் துரு வழியவிட்டால் பொய்யாகிவிடும். ஏறும் படிகளிலும் கதவுப் பிடியிலும் பூட்ஸும் கையும் பட்டுத் தேய்ந்த அடையாளம் மட்டும் போதும். மற்றதெல்லாம் புழுதி. பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்துவிட்டு, பழுப்பு ஆயில் பெயின்ட்டை வாசனையற்ற டர்பென்டைனில் கரைத்து வெல்டு கோட்டிலும் போல்ட்டைச் சுற்றியும் மட்டும் ஓடவிடுங்கள். நீங்கள் குத்திய ஒவ்வொரு பிறையும் அப்போது எழுந்து நிற்கும்.

புழுதிக்கு நம் ஊர்ச் செம்மண் ஆகாது. ஈராக்கின் அன்பார் மாகாணத்துப் பக்கத்து மண் வெளிறியது. காவிரி வண்டலை வாணலியில் ஈரம் போக வறுத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, வெளிர்மஞ்சள் பேஸ்டல் பொடியும் வெள்ளையும் சேர்த்து வெளிற வைக்கிறேன். வறுக்காமல் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை வரும். டயர் வாரியடிக்கும் மண் எங்கே போகும் என்று யோசியுங்கள். சக்கரத்துக்கு நேர் பின்னால் உள்ள சாய்ந்த தகட்டில் கனமாகவும், நடுமுகட்டுக்குப் போகப்போக மெலிதாகவும் இருக்கும். தொட்டு வைத்து, ஒரு சொட்டு டர்பென்டைனால் நிலைநிறுத்துங்கள்.

ஆன்டெனா, குண்டை வெப்பத்தால் முன்கூட்டியே வெடிக்கவைக்க முன்னால் நீளும் ரைனோ கழி, குண்டை இயக்கும் ரேடியோ அலையைத் தடுக்கும் டியூக் ஜாமரின் உயரமான கம்பி இவற்றைக் கடைசியில் மாட்டுங்கள். முதலில் மாட்டினால் உடையாமல் இருந்ததே இல்லை.

வைப்பதற்கு மரப்பலகை வாங்காதீர்கள். கண்ணாடிக் கடையில் 20க்கு 12 சென்டிமீட்டர் முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டி, ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள். நான்கு டயரின் தட்டைப் பக்கத்திலும் கடுகளவு ஃபெவிகால் வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். விளக்கை மேலே வைக்காமல் பக்கத்தில், டயர் உயரத்தில் வைத்தால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு வயிற்றுக்கு ஏறும். குனிய வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே முகடும் வெல்டும் தெரியும்.