கைபேசியில் வேண்டாத பாட்டு அழிய மறுத்தால்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஊர்களில், ஒருவருடைய கைபேசியில் பாட்டுப் பட்டியலைத் திறந்தால் தமிழ்ப் பாட்டு, மலையாளப் பாட்டு, மண்டலக் காலத்தில் ஏற்றிய ஐயப்பன் பாட்டு, வாட்ஸ்அப்பில் வந்த சொற்பொழிவு எல்லாம் ஒரே வரிசையில் கலந்து கிடக்கும். மெமரி கார்டைக் கடையில் கொடுத்து நிரப்பியவை பாதி, வீட்டுப் பிள்ளைகள் பதிவிறக்கியவை மீதி. இவற்றில் வேண்டாதவற்றைக் களைய உட்கார்ந்தால் சில பாட்டுகள் உடனே அழிகின்றன, சில அழிந்ததாகக் காட்டிவிட்டு மறுநாள் திரும்பி வருகின்றன, வேறு சிலவற்றுக்கோ அழிக்கும் வழியே கண்ணில் படுவதில்லை. பாட்டு நமக்குக் காணப்படும் இடமும் அது உண்மையில் சேமிக்கப்பட்டிருக்கும் இடமும் வேறு வேறாக இருப்பதே இவ்வளவுக்கும் காரணம். ஆகவே, அழிக்கும் பொத்தானைத் தேடுவதற்கு முன்னால் பாட்டு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கைபேசியை ஏரோபிளேன் மோடில் வைத்து, வைஃபையும் நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்டு, அந்தப் பாட்டை ஒலிக்கச் செய்யுங்கள். ஒலிக்கவில்லை என்றால் அது உங்கள் கைபேசியிலேயே இல்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு கணக்கின் பட்டியலில்தான் இருக்கிறது. ஒலித்தால், கைபேசியை முழுவதும் அணைத்து, மெமரி கார்டை வெளியே எடுத்து, மீண்டும் இயக்கிப் பாருங்கள். அப்போது பாட்டு காணாமல் போனால் அது கார்டில் இருக்கிறது; அப்படியே நின்றால், கைபேசியின் உள் நினைவகத்திலோ ஒரு செயலியின் சொந்தச் சேமிப்பிலோ இருக்கிறது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு அழிக்கத் தொடங்குபவர்கள்தான் பெரும்பாலும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அழிப்பதற்கு முன் இன்னொன்றையும் செய்துவிட வேண்டும். பாட்டு இயக்கும் செயலிக்குச் சினிமாப் பாட்டுக்கும் பாட்டியின் குரலுக்கும் வேறுபாடு தெரியாது. ஒலிக்கோப்பு எதுவானாலும் அது ஒரே பட்டியலில் சேர்த்துவிடும். கோயில் பஜனையில் பதிவு செய்தது, வளைகுடாவில் வேலை செய்யும் மகன் அனுப்பியது, தொலைபேசி உரையாடலின் பதிவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. தேதியும் எண்களும் மட்டுமே இருக்கும். வாட்ஸ்அப் வழியாக வந்த ஒலிக்கோப்பின் பெயர் பெரும்பாலும் ஏ, யு, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, அதன் பின் ஆண்டு, மாதம், நாள் என்று செல்லும். இப்படிப் பெயரில்லாமல் இருப்பவற்றைக் குப்பை என்று நினைத்து மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் சில நொடிகள் கேட்டு, வேண்டியதற்குப் புரியும்படி பெயர் மாற்றி, தனிக் கோப்புறைக்கு நகர்த்தி, முடிந்தால் கணினியிலும் ஒரு படி வைத்துவிட்டுப் பிறகு மற்றதைத் தொடுங்கள். விற்பனைக்கு வந்த பாட்டை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், வீட்டுப் பதிவுக்கு இரண்டாவது படி வேறெங்கும் கிடையாது.

ஆண்ட்ராய்டு கைபேசியில்

பாட்டு உள் நினைவகத்திலோ கார்டிலோ சாதாரணக் கோப்பாக இருக்குமானால், பாட்டு இயக்கும் செயலியை விட்டுவிட்டு, கோப்புகளைக் காட்டும் செயலியின் வழியாக அழிப்பதே நல்லது. கூகுளின் ஃபைல்ஸ், சாம்சங் கைபேசியில் மை ஃபைல்ஸ் போன்றவை இதற்குப் போதும். பாட்டின் மீது விரலை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற முழு வழி தெரியும். கடையில் நிரப்பிய பாட்டுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோப்புறைகளில் மொத்தமாக இருப்பதால், ஒவ்வொரு பாட்டாக அழிக்காமல், வேண்டியவற்றை வெளியே நகர்த்திவிட்டு அந்தக் கோப்புறையையே நீக்கிவிடலாம். நூற்றுக்கணக்கில் பாட்டு உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைந்த உழைப்பில் முடியும் வழி இல்லை.

மொழிவாரியாகப் பிரித்து அழிக்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. பாட்டின் மொழி என்ன என்பது செயலிக்குத் தெரியாது, பெயரின் எழுத்து மட்டுமே தெரியும். கைபேசி ஆங்கிலத்தில் அமைந்திருந்தால் பெயர் வரிசையில் எண்களும் ஆங்கில எழுத்துகளும் முதலில் வரும். அவை முடிந்த பிறகு தமிழ் எழுத்தில் பெயருள்ளவையும், அதற்கும் கீழே மலையாள எழுத்தில் பெயருள்ளவையும் பெரும்பாலும் வரும். பட்டியலின் அடிவரை செல்லாதவர்களுக்கு இவை கண்ணில் படாமலேயே போய்விடும். ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர்களிலோ ஒரே பாட்டு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் இருக்கும். ஆகவே இரட்டைப் படிகளைப் பெயரை வைத்துத் தேடாமல், கோப்புகளை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே கோப்பின் இரண்டு படிகள் ஒரே அளவில் அடுத்தடுத்து வந்து நிற்கும். தரம் வேறானால் அளவும் வேறாகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள ஓர் எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி இடம் பிடிக்கும், 320 கேபிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 5 எம்பியிலும் 12 எம்பியிலும் இருந்தால் இடம் குறைவு என்பதற்காகச் சிறியதை வைத்துக்கொள்வதா, ஒலி நன்றாக இருக்க வேண்டும் என்று பெரியதை வைத்துக்கொள்வதா என்பது உங்கள் காதும் கைபேசியின் இடமும் முடிவு செய்ய வேண்டியது.

அழித்த பிறகும் இடம் கூடவில்லை என்றால் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டு செயலிகளுமே அழித்த கோப்பை 30 நாட்கள் வரை வைத்திருந்து பிறகுதான் நீக்குகின்றன. தவறி அழித்ததை மீட்க இது பேருதவி. ஆனால் தொட்டியைக் காலி செய்யும் வரை இடம் திரும்பக் கிடைக்காது. கணினியில் கேபிள் மாட்டி அழிக்கும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே அழித்தது விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரடியாகப் போய்விடும்.

சில நேரங்களில் கோப்பு உண்மையாகவே அழிந்துவிட்டிருக்கும், பட்டியலில் மட்டும் பெயர் நிற்கும், தொட்டால் ஒலிக்காது. ஆண்ட்ராய்டு தன்னிடம் உள்ள படம், பாட்டு, காணொளி எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. பாட்டு இயக்கும் செயலிகள் கோப்புறைகளைத் தேடாமல் அந்தப் பதிவேட்டைத்தான் பார்க்கின்றன. இறந்தவர் பெயர் வாக்காளர் பட்டியலில் நின்றுவிடுவது போல, அழிந்த பாட்டின் பெயர் அந்தப் பதிவேட்டில் நின்றுவிடுகிறது. முதலில் கைபேசியை அணைத்து இயக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால், செட்டிங்ஸில் செயலிகளின் பட்டியலுக்குச் சென்று, சிஸ்டம் செயலிகளையும் காட்டும்படி செய்து, மீடியா ஸ்டோரேஜ் என்பதைத் திறந்து, அதன் தரவை நீக்கிவிட்டுக் கைபேசியை மறுபடி இயக்குங்கள். இதனால் பாட்டுக் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது, பதிவேடு மட்டும் புதிதாக எழுதப்படும். அது எழுதி முடியும் வரை பட்டியல் காலியாகத் தோன்றலாம். ரிங்டோன் தேர்வை மீண்டும் செய்ய வேண்டியிருக்கலாம்.

அழிக்கவும் கூடாது, பட்டியலிலும் வரக் கூடாது என்ற நிலையும் உண்டு. குரல் பதிவுகள் பாட்டுக்கு நடுவே ஒலிப்பது பலருக்குத் தொல்லை. பல செயலிகளில் 30 அல்லது 60 நொடிக்குக் குறைந்தவற்றை மறைக்கும் வசதியும், குறிப்பிட்ட கோப்புறையை ஒதுக்கும் வசதியும் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால், அந்தப் பதிவுகள் உள்ள தனிக் கோப்புறைக்குள் நோமீடியா என்ற வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கலாம்: முதலில் ஒரு புள்ளி, அதைத் தொடர்ந்து என், ஓ, எம், ஈ, டி, ஐ, ஏ ஆகிய ஆங்கிலச் சிற்றெழுத்துகள், நடுவில் இடைவெளி இல்லை, முடிவில் வேறு எதுவும் இல்லை. இந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையை ஆண்ட்ராய்டு தன் பதிவேட்டில் சேர்க்காது. கார்டின் முதல் நிலையில், எல்லாக் கோப்புறைகளுக்கும் வெளியே இதை வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப் வழியாக வருவதை வரும் இடத்திலேயே நிறுத்துவது நல்லது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற பகுதியில், தானாகப் பதிவிறங்குபவற்றிலிருந்து ஆடியோவை மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் ஆகிய மூன்றிலும் எடுத்துவிடுங்கள். வந்துவிட்டவற்றை அதே பகுதியில் உள்ள மேனேஜ் ஸ்டோரேஜ் வழியாக நீக்கலாம்.

கைபேசி வாங்கும்போதே உள்ளே இருந்த மாதிரிப் பாட்டு, சிஸ்டம் பகுதியில் இருந்தால் அழியாது. அதற்காகக் கைபேசியை ரூட் செய்யச் சொல்பவர்களின், அதாவது சிஸ்டம் பகுதியின் பூட்டை உடைத்துத் திறக்கச் சொல்பவர்களின், பேச்சைக் கேட்க வேண்டாம். ஒரு பாட்டுக்காக வங்கிச் செயலிகள் இயங்காமல் போகும் நிலையை வரவழைத்துக்கொள்வது தேவையற்றது.

கணக்கோடு ஒட்டிய பாட்டுகள்

யூடியூப் மியூசிக், ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் பதிவிறக்கிய பாட்டுகள் அந்தந்தச் செயலியின் உள்ளே பூட்டி வைக்கப்படுகின்றன. கோப்புச் செயலியில் தேடினால் கிடைக்காது. அவற்றை அந்தச் செயலியின் உள்ளேதான் நீக்க வேண்டும். நீங்கள் பதிவிறக்காத பாட்டுகள் யூடியூப் மியூசிக்கில் சேர்ந்துகொண்டே இருந்தால், அதன் பதிவிறக்க அமைப்பில் ஸ்மார்ட் டவுன்லோட்ஸ் இயங்குகிறதா என்று பாருங்கள்; நீங்கள் கேட்பதை வைத்து அதுவாகவே பாட்டுகளை இறக்கி வைக்கும் வசதி அது. யூடியூப் காணொளிகளுக்கு நீங்கள் இட்ட விருப்பங்களும் இங்கே விரும்பிய பாட்டுகளாக வந்து சேரக்கூடும். அதையும் அமைப்பில் நிறுத்தலாம். குடும்பத்தில் ஒரே ஜிமெயில் கணக்கை அப்பா, பிள்ளை என்று இருவர் இரண்டு கைபேசிகளில் வைத்திருந்தால், ஒருவர் சேர்ப்பது மற்றவரின் பட்டியலிலும் வரும். கணக்கைப் பிரிக்காதவரை இந்தத் தொல்லைக்கு முடிவில்லை.

ஐஃபோனில் இந்தக் கணக்குத் தொடர்பு இன்னும் இறுக்கமானது. 2014 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் நிறுவனம், யு2 இசைக்குழுவின் புதிய ஆல்பத்தை உலகெங்கும் ஏறக்குறைய 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் இலவசமாகச் சேர்த்தது. தானாகப் பதிவிறங்கும் வசதியை இயக்கி வைத்திருந்தவர்களின் கைபேசிகளில் அது கேட்காமலேயே வந்து இறங்கியது. அழித்தாலும், வாங்கியவற்றின் பட்டியலில் அது நின்றதால், பலரால் அதை முழுவதும் விலக்க முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனிப் பக்கம் ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது. இன்றைய ஐஃபோனிலும் அதே அமைப்பின் அடிப்படைதான் இருக்கிறது. பாட்டை அழுத்திப் பிடித்து நீக்கச் சொன்னால் இரண்டு வழிகள் வரக்கூடும். ரிமூவ் டவுன்லோட் என்பது கைபேசியில் உள்ள படியை மட்டும் நீக்கும், பெயர் நூலகத்தில் நிற்கும். டெலீட் ஃப்ரம் லைப்ரரி என்பது நூலகத்திலிருந்தே நீக்கும். சிங்க் லைப்ரரி இயங்கினால் அதே கணக்கில் உள்ள மற்றக் கருவிகளிலிருந்தும் நீக்கிவிடும். ஐஃபோன் ஸ்டோரேஜ் பகுதியிலிருந்து அழிப்பதும் பதிவிறக்கத்தை நீக்கும் வேலைதான் என்பதால், இடம் வேண்டியவருக்கு அது பயன்படும், பெயரே வேண்டாம் என்பவருக்குப் பயன்படாது. பணம் கொடுத்து வாங்கிய பாட்டைக் கணக்கிலிருந்து அழிக்க இயலாது, கணினியில் ஐடியூன்ஸ் ஸ்டோரின் பர்ச்சேஸ்ட் பகுதிக்குச் சென்று மறைக்க மட்டும் இயலும். கணினியிலிருந்து கேபிள் வழியாக ஏற்றிய பாட்டு அழித்த பின்னும் திரும்பி வந்தால், கணினியின் தேர்வுப் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது என்று பொருள். அங்கே தேர்வை எடுத்துவிட்டு மீண்டும் ஒத்திசைக்க வேண்டும்.

கார்டில் அழித்தது திரும்பி வந்தால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இதைப் பலரும் கைபேசியின் கோளாறு என்று நினைத்துக் காலம் கடத்துவதுதான். கார்டில் உள்ள பாட்டை அழிக்கிறீர்கள், அழிந்ததாகக் காட்டுகிறது, கைபேசியை அணைத்து இயக்கியதும் எல்லாப் பாட்டுகளும் பழையபடி நிற்கின்றன. ஃபார்மேட் செய்தாலும் இதே நிலை. கார்டின் ஆயுள் முடிந்து, படிக்க மட்டும் இடம் கொடுத்து எழுத மறுக்கும் நிலைக்கு அது வந்துவிட்டது என்பதற்கான அடையாளம் இது. கார்டுக்குள் நகர்த்தி வைத்த வீட்டுப் பதிவுகளும் புதிய கோப்புறையில் பதிந்திருக்காது, பழைய இடத்திலேயே நிற்கும் என்பதால், அங்கிருந்து அவற்றை உடனே கணினிக்கோ கைபேசியின் உள் நினைவகத்துக்கோ படியெடுத்து, படியெடுத்ததை ஒலிக்கச் செய்து சரிபார்த்துவிட்டு, கார்டை மாற்றிவிடுங்கள். படிக்கும் வசதியும் எந்த நேரத்திலும் நின்றுபோகலாம். அட்டாப்டரில் மாட்டிக் கணினியில் திறப்பவர்கள், அட்டாப்டரின் பக்கவாட்டில் உள்ள பூட்டு கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மைக்ரோ எஸ்டி கார்டுக்கு அப்படிப் பூட்டு கிடையாது, அட்டாப்டருக்கு உண்டு.

புதிய கார்டை நிரப்பக் கடைக்குக் கொண்டு செல்லும்போது, தமிழ், மலையாளம், பக்தி என்று தனித்தனிக் கோப்புறைகள் போட்டு அவற்றுக்குள் மட்டும் ஏற்றித் தரும்படி கேளுங்கள். வீட்டுப் பதிவுகள் உள்ள பழைய கார்டை அங்கே கொடுக்காதீர்கள். இடம் போதவில்லை என்று கடையில் முதலில் செய்வது ஃபார்மேட்டாகத்தான் இருக்கும்.