தொழில் வர வேண்டுமா? முதலில் ஒரு விவரத்தாள்: நெல்லைச் சீமைக்கு

ஊர்ப்பெருமையை வண்ணத்தில் அச்சடித்து அனுப்பினால் முதல் போட வருபவர் மடித்து வைத்துவிடுவார். அவருக்குத் தெரிய வேண்டியது சரக்கு எத்தனை மாதம் கிடைக்கும், தண்ணீர், மின்சாரம், நிலம் யார் பெயரில் என்பவைதான். இரண்டு பக்கம் போதும். ஒரு தாளுக்கு ஒரே பொருள். அல்வா, பத்தமடைப் பாய், களக்காட்டு வாழை எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்காதீர்கள்.

கருப்பட்டியை எடுத்துக்கொள்வோம். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பதநீர்க் காலம் ஏறத்தாழ மாசி முதல் ஆனி வரை. பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ, சில சமயம் சற்றுக் கூடுதலாகத் தேறும். அப்படியானால் நாளுக்கு 500 கிலோ கேட்பவருக்கு 5,000 லிட்டர் வேண்டும். இங்கேதான் பலரும் பனைமரங்களை எண்ணிக் கணக்குக் காட்டுகிறார்கள். எண்ண வேண்டியது பனையேறிகளை. மரம் ஆயிரம் நிற்கும், ஏற ஆளிருக்காது. ஊர்வாரியாக எத்தனை பேர், ஒருவர் நாளுக்கு எத்தனை மரம் ஏறுகிறார் என்று நேரில் கேட்டு எழுதுங்கள்.

தரத்தில் அடிபடும் இடங்கள் மூன்று. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். வெள்ளைச் சீனி கலந்த கருப்பட்டி ஆய்வகத்தில் மாட்டும்; ஒருவர் கலந்தாலும் ஊர்ப்பெயர் முழுக்கக் கெடும். ஐப்பசி ஈரத்தில் சரக்கு கசியும், ஆகவே காய்ந்த கிட்டங்கி எங்கே என்பதையும் தாளில் சேருங்கள். மாதிரி அனுப்பும்போது காய்ச்சியவர், தேதி இரண்டையும் ஒட்டுங்கள்.

தண்ணீரில் பூசி மெழுகாதீர்கள். தாமிரபரணி இரு பருவமழையிலும் நீர் பெறும் ஆறு, ஆனால் ராதாபுரம் தேரிக்காட்டுக்கு (செம்மணல் மேட்டு நிலத்துக்கு) அது பக்கத்தில் இல்லை. சித்திரை, வைகாசியில் கிணற்று மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பரிசோதனை அறிக்கையோடு கொடுங்கள். காற்றாலை சுற்றுகிறது என்பதால் ஆலைக்கு மின்சாரம் உறுதியாகிவிடாது, அது மின்கட்டமைப்புக்குப் போகிறது. பக்கத்துத் துணைமின்நிலையத்தில் எவ்வளவு சுமை மிச்சம் என்று மின்வாரியச் செயற்பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நிலத்துக்குப் பட்டா, வில்லங்கச் சான்று, வரைபடம் மூன்றும் வேண்டும். குளத்துப் புறம்போக்கு ஒட்டிய இடத்தைக் காட்டவே காட்டாதீர்கள். பெரிய ஆலை என்றால் கங்கைகொண்டானில் உள்ள சிப்காட்டை, அதாவது அரசுத் தொழிற்பேட்டையைச் சொல்லலாம். மதுரைச் சாலை பக்கம், தூத்துக்குடித் துறைமுகமும் எட்டும் தூரம். அருகில் புள்ளிமான் சரணாலயம் இருப்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், பின்னால் தெரிந்தால் பேச்சு முறியும். கடற்கரைத் தாதுமணலைத் தாளில் போட வேண்டாம்: 2013 முதல் தனியார் அள்ளத் தடை.

அனுமதிகளுக்கு மாவட்டத் தொழில் மையம், மாநில ஒற்றைச் சாளர இணையதளம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தொழில்களை மாசு அளவுப்படி பிரிக்கும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை வகைகளில் இந்தத் தொழில் எது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள்.

வருபவரைப் பங்குனி, சித்திரையில் அழையுங்கள், காய்ச்சும் அடுப்பைக் கண்ணால் பார்ப்பார். அவர் கேட்டுவிட்டுப் போன காகிதம் ஒரு வாரத்துக்குள் கையில் கிடைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அந்தப் பொறுப்பாளரின் தொலைபேசி எண் தாளின் மேலேயே இருக்கட்டும்.